திரைக்கு இந்தப் பக்கம்

நர்சிங் கல்லூரியின் முதல் மாடியில், நூலகத்தைத் தாண்டிக் கடைசி அறை. கதவில் 'ஸ்கில் லேப்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு லேபர் ரூம் அப்படியே இருந்தது. இரும்புக் கட்டில், அதன் மேல் சிவப்பு ரப்பர் ஷீட், அதற்கும் மேல் வெள்ளைத் துணி. தலைமாட்டில் டிரிப்ஸ் ஸ்டாண்டு. பக்கத்தில் டிராலி, அதில் கத்தரிக்கோல், கிளாம்ப், பஞ்சு, கிண்ணம், கையுறை. கை கழுவும் முறையைப் படம் படமாகக் காட்டும் தாள் ஒன்றைக் குழாய்க்கு மேலே ஒட்டியிருந்தார்கள். கட்டிலைச் சுற்றி வளைந்துபோகும் கம்பியில் பச்சைத் திரை, ஒரு ஓரமாக ஒதுக்கி விடப்பட்டிருந்தது.

எனக்கு ஒரு ஸ்டூலைக் காட்டினார் பேராசிரியை. அரசு மருத்துவமனை லேபர் வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுப் பாடம் சொல்லித்தர வந்தவர். பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, யார் பெயரையும் எழுதக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஸ்டூல் கட்டிலின் கால்மாட்டுக்கு நேர் எதிரே இருந்தது.

மூன்றாம் ஆண்டு மாணவிகள் ஒன்பது பேர். இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். அடுத்த மாதம் இவர்களுக்கு லேபர் வார்டு போஸ்டிங். அதற்கு முன்னால் இந்த ஒத்திகை.

மேசை மேல் 'மாமா நேட்டலி' இருந்தது. பெயர் அப்படி இருந்தாலும் அது பொம்மை இல்லை. ஒருவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் உடுப்பு. நிறைமாத வயிறு போல முன்பக்கம் புடைத்திருக்கும். உள்ளே குழந்தை, தொப்புள்கொடி, நச்சுக்கொடி, சிவப்புக் கரைசல் நிரப்பிய பை. குழந்தையை வெளியே தள்ளுவதும், ரத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதைக் கட்டியிருப்பவள் கையில் இருக்கிறது. நார்வேயின் ஸ்டாவாஞ்சர் நகரில் இருக்கும் லேர்டால் நிறுவனத்தின் தயாரிப்பு. குழந்தைகளுக்குப் பொம்மை செய்து விற்றுவந்த நிறுவனம் அது. 1960-இல் மூச்சுக் கொடுத்து உயிர் காக்கும் பயிற்சிக்கான 'ரிசஸி ஆன்' பொம்மையைச் செய்ததிலிருந்து அதன் பாதை மருத்துவப் பக்கம் திரும்பியது.

ஒரு மாணவி குழந்தைப் பொம்மைக்குள் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாள். இரண்டு லிட்டர் பிடிக்கும். நிரம்பியதும் மூடியைத் திருகிவிட்டு இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். சுருங்கிக் கிடந்த ரப்பர் உடம்புக்கு இப்போது பிறந்த பிள்ளையின் கனமும் சூடும் வந்திருந்தன. கழுத்து நிற்காமல் பின்னால் சாய்ந்தது. யாரும் சொல்லாமலே அவள் உள்ளங்கை அதன் தலைக்கு அடியில் போனது.

தாயாக யார் படுப்பது என்று சீட்டுக் குலுக்கினார்கள். கண்ணாடி போட்ட உயரமான பெண்ணுக்கு விழுந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். உடுப்பைச் சுடிதார் மேல் கட்டி, அதன் மேல் தொளதொளவென்று ஒரு நைட்டியை மாட்டிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் தோழியிடம் கொடுத்தாள்.

பேராசிரியை அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தார். வயது 22. முதல் பிரசவம். அதிகாலையிலிருந்து வலி. இதற்கு முன் ஒரு முறை கரு கலைந்திருக்கிறது. அது மாமியாருக்குத் தெரியாது. அம்மாவும் மாமியாரும் வெளியே பெஞ்சில் இருக்கிறார்கள். பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. "பேர் நீயே வெச்சுக்கோ. யாராவது கேட்டா மட்டும் சொல்லு" என்றார்.

நெற்றியில் விபூதிக் கீற்று வைத்த பெண் பிரசவம் பார்ப்பவள். துறுதுறுவென்று இருந்த குள்ளமான பெண் அவளுக்குத் துணை. இருவர் வெளியே பெஞ்சில் அம்மாவாகவும் மாமியாராகவும். மற்றவர்கள் கையில் செக்லிஸ்ட்டோடு சுவரோரம் நின்றார்கள்.

"ஆரம்பிங்க" என்றார் பேராசிரியை.

விபூதி வைத்த பெண் கை கழுவினாள். படத்தில் இருந்த அத்தனை படியையும் விடாமல் கழுவினாள். கையுறை போட்டாள். கட்டிலுக்கு வந்து நைட்டியை இடுப்புக்கு மேலே சுருட்டிவிட்டாள். "காலை மடக்கு. அகட்டி வை." உள்பரிசோதனை. "ஃபுல் டைலட்டேஷன்" என்றாள் துணைக்கு நின்றவளிடம். துறுதுறுப்பானவள் கேஸ் ஷீட்டைப் புரட்டி உரக்கப் படித்தாள்: "முதல் டெலிவரி. முன்னாடி ஒரு அபார்ஷன் ஆயிருக்கு."

வாசல் கதவு பாதி திறந்திருந்தது. மாமியார் பெஞ்சில்தான் இருந்தாள்.

படுத்திருந்தவள் முனகத் தொடங்கினாள். முனகல் அலறலானது. நடிப்பு என்று தெரிந்தது. ஆனாலும் நன்றாகவே நடித்தாள். "கத்தாத. கத்துறதுல சக்தி போயிடும். முக்கு" என்றாள் விபூதி வைத்த பெண். படுத்திருந்தவளின் வலது கை உடுப்புக்குள் குழந்தையைத் தள்ளிக்கொண்டிருந்தது. இடது கை சும்மா இல்லை. சுருட்டிவிட்ட நைட்டியின் விளிம்பைத் தேடிப் பிடித்து முழங்காலுக்கு இழுத்தது. வேலைக்கு இடைஞ்சல் என்று விபூதி வைத்த பெண் அதை மேலே தள்ளினாள். கை மறுபடி தேடியது. மறுபடி இழுத்தது. இந்த முறை துறுதுறுப்பானவள் துணியைச் சுருட்டி, கைக்கு எட்டாதபடி முதுகுக்கு அடியில் செருகிவிட்டாள்.

அந்த நேரத்தில் கதவு முழுசாகத் திறந்தது. "சிஸ்டர், அட்மிஷன் ரெஜிஸ்டர் இங்க இருக்கா?" பேராசிரியை ஏற்பாடு செய்த மாணவி. "டிராலிக்குக் கீழே பாருங்க" என்று திரும்பாமலே பதில் வந்தது. வந்தவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்து தேடி எடுத்துக்கொண்டு போனாள். கதவு திறந்தபடியே கிடந்தது.

குழந்தை பிறந்தது. துடைத்தாள், அழுகைச் சத்தம் வந்தது. ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் 10 யூனிட் தொடையில். கொடியின் துடிப்பு நிற்கும்வரை பொறுத்து, கிளாம்ப் போட்டு வெட்டினாள். நச்சுக்கொடி முழுசாக வந்துவிட்டதா என்று விரித்துப் பார்த்தாள். கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று வயிற்றை அழுத்திப் பார்த்தாள். செக்லிஸ்ட் வைத்திருந்தவர்கள் டிக் போட்டுக்கொண்டே வந்தார்கள். கையில் ஒரு தவறு இல்லை. தேர்வாக இருந்தால் முழு மதிப்பெண்.

பேராசிரியை எல்லோரையும் தரையில் வட்டமாக உட்காரவைத்தார். விளக்கம் சொல்ல விபூதி வைத்த பெண் வாயெடுத்தாள். "இரு. அம்மா முதல்ல பேசட்டும்" என்றார். இந்த வகுப்பின் விதி அது. ஒத்திகை முடிந்ததும் படுத்திருந்தவள்தான் முதலில் பேச வேண்டும்.

அவள் கண்ணாடியைத் தேடி வாங்கிப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"என்ன தெரிஞ்சுது உனக்கு, படுத்திருந்தப்ப?"

"டியூப் லைட்டு, மேம். வேற ஒண்ணும் சரியாத் தெரியல. யாரோ நிக்கிறாங்க, யாருன்னு தெரியல."

"என்ன நினைச்ச?"

"எப்ப முடியும்னு. துணியை எப்ப கீழ விடுவாங்கன்னு." குரல் தேய்ந்தது. "உள்ள சுடிதார் போட்டிருக்கேன். பொம்மைதான், அதுவும் தெரியும். இவங்க எல்லாம் என் கூடப் படிக்கிறவங்க. ஆனா அவ துணியைச் சுருட்டி முதுகுக்கு அடியில வெச்சதும் அழுகை வந்துடுச்சு, மேம். நிஜமாவே வந்துடுச்சு."

துறுதுறுப்பான பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேற?"

அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். "அவங்க யாருன்னு யாருமே எனக்குச் சொல்லல. கரெக்டா கால்மாட்டுல உக்காந்திருக்காங்க. ஏதோ எழுதிக்கிட்டு வேற இருக்காங்க."

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். "அவங்களை அங்க உக்கார வெச்சதே இதுக்குத்தான்" என்றார் பேராசிரியை. "லேபர் ரூம்ல எப்பவும் யாராவது ஒருத்தர் இப்படி இருப்பாங்க. ஸ்டூடண்ட், வேற வார்டு ஸ்டாஃப், பக்கத்து டேபிளுக்கு வந்தவங்க. நமக்கு அவங்க கண்ணுலயே பட மாட்டாங்க. படுத்திருக்கிறவளுக்கு அவங்க மட்டும்தான் தெரிவாங்க."

வலியை இந்த வகுப்பு கற்றுத்தர முடியாது. கால்மணி நேரம் முனகி நடித்தவளுக்குப் பிரசவ வலி எதுவென்று தெரிந்துவிடாது. பேராசிரியையும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. வலி முழுக்க நடிப்பு. ஆனால் கூச்சத்தை அவள் நடிக்கவில்லை. உடுப்புக்கு அடியில் சுடிதார் இருந்தும், சுற்றி இருப்பவர்கள் விடுதித் தோழிகள் என்று தெரிந்தும், உடம்பு தன் பாட்டுக்குக் கூசியது. இடது கை அவளைக் கேட்காமலே துணியைத் தேடியது. சுவரோரம் நின்றவர்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள். அவர்கள் வைத்திருந்த செக்லிஸ்ட்டில் அதற்கு இடமில்லை.

பொம்மையை வைத்துப் பிரசவம் கற்றுத்தருவது பழைய வழக்கம். 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் மேடம் து கூத்ரே என்ற மருத்துவச்சி துணி, தோல், பஞ்சு ஆகியவற்றால் ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியைத் தைத்தெடுத்தார். நாடு முழுவதும் போய்க் கற்றுத்தர 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயி அவருக்கு ஆணை வழங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் அந்தத் துணிப் பொம்மையில் கை பழகினார்கள். அவற்றில் ஒன்று இன்றும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடுப்பு உண்டு, தொடை உண்டு, உள்ளே குழந்தை உண்டு. முகம் கிடையாது. அதற்குப் பிறகு வந்த பிளாஸ்டிக் இடுப்பு மாதிரிகளும் அப்படித்தான். கை என்ன செய்ய வேண்டும் என்பதை அவை நன்றாகவே கற்றுக்கொடுத்தன. முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையை அவை எழுப்பவே இல்லை.

உயிருள்ள ஒருத்தி அந்த உடுப்பைக் கட்டிக்கொண்டு படுக்கும்போது பாடம் மாறிவிடுகிறது. மேலே ஒரு முகம் இருக்கிறது. அது பதில் சொல்லும், கேள்வி கேட்கும், அழும். மெக்சிகோவில் தொடங்கிய ப்ரான்டோ என்ற பயிற்சித் திட்டத்தில், மருத்துவமனைக் கால்சட்டையையே மாற்றித் தைத்த 'பார்டோபேன்ட்ஸ்' உடுப்பை ஒருவர் போட்டுக்கொண்டு பிரசவிக்கும் தாயாக நடிக்கிறார். பீகாரின் அரசு மருத்துவ நிலையங்களிலும் செவிலியர்களுக்கு அந்த முறையில் பயிற்சி கொடுத்தார்கள். செலவு குறைந்த உடுப்பே போதும். அதைப் போட்டுக்கொள்ள ஒரு மனுஷி வேண்டும்.

வட்டத்தில் இப்போது விபூதி வைத்த பெண் பேசினாள். முகம் சிவந்திருந்தது. "மேம், நான் தப்பா ஒண்ணும் பண்ணல. எல்லா ஸ்டெப்பும் பண்ணினேன். வார்டுல நாலு டேபிள்லயும் கேஸ் இருக்கும்னு சொல்றாங்க. சீனியர் சிஸ்டர் நம்மளையே திட்டிக்கிட்டு இருப்பாங்க. அங்க போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் பேர் கேட்டு, சொல்லிட்டுத் தொட்டு… அதுக்கெல்லாம் நேரம் ஏது மேம்?"

"கேட்க வேண்டிய கேள்விதான்" என்றார் பேராசிரியை. "போன் எடு. ஸ்டாப்வாட்ச் போடு."

எழுந்துபோய் திரையைக் கட்டிலைச் சுற்றி இழுத்தார். வளையங்கள் கம்பியில் சரசரவென்று ஓடின. "எவ்வளவு?"

"நாலு செகண்டு."

"இப்போ போடு. 'உள்ள கை வெச்சுப் பார்க்கணும்மா. பார்க்கட்டுமா? வலிச்சா சொல்லு, நிறுத்திடுறேன்.' எவ்வளவு?"

"ஆறு."

"மொத்தம் பத்து செகண்டு. பத்து செகண்டு இல்லாத வார்டை நான் பார்த்ததில்ல. ஆனா திரையே இல்லாத வார்டைப் பார்த்திருக்கேன். அங்க என்ன பண்ணுவீங்க?"

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. கட்டிலைத் திருப்பிப் போடலாம், கால்மாடு வாசலைப் பார்க்காமல். ஒரு போர்வையை முழங்கால் மேல் போட்டு, வேலை நடக்கும் இடத்தை மட்டும் விலக்கலாம். சும்மா நிற்கும் இரண்டு பேர் முதுகைக் காட்டி மறைத்து நிற்கலாம். ஒவ்வொன்றையும் செய்து பார்க்கச் சொன்னார். போர்வையைப் போட்ட மாணவி அதை எந்தப் பக்கமிருந்து விலக்குவது என்று தெரியாமல் தடுமாறினாள். மூன்றாவது முறை சரியாக வந்தது. கத்தரிக்கோல் பிடிப்பது மாதிரி இதுவும் பழகினால்தான் வரும் என்பது அங்கே கண்ணெதிரே தெரிந்தது.

திட்டும் சீனியர்களைப் பற்றியும் பேராசிரியை சொன்னார். "அவங்க கெட்டவங்க இல்ல. ராத்திரி முழுக்க ரெண்டு பேர் நின்னு வார்டைப் பார்க்கிறாங்க. தாய்க்கோ பிள்ளைக்கோ ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல கேள்வி அவங்களுக்குத்தான். பயத்துல குரல் உசருது. அவங்க படிச்சப்ப அவங்களையும் இப்படித்தான் திட்டிக் கற்றுக்கொடுத்தாங்க. உங்களுக்கும் அது தொத்திக்கும். நாலு மாசம் போதும். அதுக்கு முன்னாடி வேற பழக்கம் கைக்கு வந்திருக்கணும்."

லேபர் ரூமில் தாய்மார்கள் அவமதிக்கப்படுவது உலகம் முழுவதும் நடக்கிறது. அடி, வசை, அனுமதி இல்லாத சிகிச்சை, அந்தரங்கம் காக்கப்படாதது என்று வரிசைப்படுத்தி, இவை ஒழிய வேண்டும் என்று 2014-இல் உலக சுகாதார நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. 2018-இல் அதே நிறுவனம் பிரசவப் பராமரிப்புக்கு 56 பரிந்துரைகள் கொண்ட வழிகாட்டியைத் தந்தபோது, முதல் பரிந்துரை மருந்தைப் பற்றியதோ ஊசியைப் பற்றியதோ அல்ல; மரியாதையான பராமரிப்பைப் பற்றியது. சிக்கல் இல்லாத பிரசவத்தில் உள்பரிசோதனை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும் என்றும் அது சொல்கிறது. இந்தியாவில் 2017-இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும் லேபர் ரூம்களில் மரியாதையான பராமரிப்பைத் தரத்தின் ஒரு பகுதியாக வைத்திருக்கிறது. மருத்துவச்சிகளை முன்னிறுத்தும் வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2018-இல் வெளியிட்டது. காகிதத்தில் எல்லாம் வந்துவிட்டது. அது ஒரு மாணவியின் கைக்கு வந்து சேரும் இடம் இந்த மாதிரி அறைதான்.

இரண்டாவது ஒத்திகை. "இப்போ நீ படு" என்றார் பேராசிரியை, விபூதி வைத்த பெண்ணிடம். அவள் தயங்கினாள். பிறகு உடுப்பைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடிப் பெண் பிரசவம் பார்ப்பவள்.

அவள் வந்ததும் முதலில் கதவைச் சாத்தினாள். கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், குனிந்து, முகம் பார்த்து நின்றாள். தான் யார் என்று சொன்னாள். பெயர் கேட்டாள். படுத்திருந்தவள் ஒரு பெயர் சொன்னாள். எனக்கு விதித்த நிபந்தனைப்படி அதை நான் எழுதவில்லை.

"வெளிய அம்மாவும் அத்தையும் இருக்காங்க. யார் கூட இருக்கட்டும்?"

"அம்மா."

"சரி. அம்மாவைக் கூப்பிடுறேன். அப்புறம் இன்னொண்ணு. அங்க ஒருத்தங்க பார்க்கிறதுக்காக வந்திருக்காங்க. அவங்க இருக்கலாமா? வேண்டாம்னா போயிடுவாங்க."

படுத்திருந்தவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "நேரம் ஏது மேம்?" என்று சற்று முன் கேட்டவள் அவள்தான்.

"வேண்டாங்க. திரைக்கு அந்தப் பக்கம் வேணா இருக்கட்டும்."

எழுந்தேன். என் ஸ்டூலை ஒரு மாணவி சுவரோரம் நகர்த்திப் போட்டாள். திரை இழுபட்டது. இனி எழுதுவது காதில் விழுந்தது மட்டும்.

"போர்வை போட்டுடுறேன். இந்த ஓரத்தை நீங்களே பிடிச்சுக்குங்க." துணி உரசும் சத்தம். "இப்ப வயித்துல கை வைக்கிறேன்." இடைவெளி. "உள்ள பார்க்கணும். இப்ப வலி வருதா? வலி போகட்டும், அப்புறம் பார்க்கலாம்." நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் யாரும் எதுவும் செய்யவில்லை என்பது தெளிவாகக் கேட்டது. "இப்ப பார்க்கட்டுமா?" "ம்." 

கேஸ் ஷீட் புரளும் சத்தம். துணைக்கு நின்றவள் படிக்கத் தொடங்கினாள்: "முதல் டெலிவரி…" அத்தோடு நிறுத்திவிட்டாள். தாள் கைமாறியது. கரு கலைந்த செய்தியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. துணியால் மூடுவது ஒரு மறைப்பு; பேச்சை அடக்குவது இன்னொரு மறைப்பு. ஒரு வீட்டில் உடைபடும் விஷயம் பெரும்பாலும் இரண்டாவது இல்லாததால்தான் உடைகிறது.

கதவு தட்டப்பட்டது. ரெஜிஸ்டர் கேட்டு வந்த அதே மாணவி. "அங்கேயே நில்லுங்க. உள்ள வராதீங்க. அஞ்சு நிமிஷத்துல எடுத்துத் தரேன்." 

இந்த முறை பேராசிரியை ஒரு சிக்கலையும் சேர்த்திருந்தார். குழந்தை பிறந்து, நச்சுக்கொடி வந்தபிறகு ரத்தம் நிற்காது. திரைக்கு அடியில் கிண்ணம் இழுபடும் சத்தமும், சொட்டு விழுவது ஓட்டமாக மாறும் சத்தமும் கேட்டன. காலடிகள் வேகமாயின. "கர்ப்பப்பை இறுகல. மசாஜ் பண்றேன். ஐவி போடு. டாக்டருக்குச் சொல்லு." பிரசவத்துக்குப் பிறகு 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் ஆபத்து என்று படித்தவர்கள். அந்த நேரத்தில் மரியாதை, அனுமதி எல்லாம் பறந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படி ஆகவில்லை. தலைமாட்டில் ஒரு குரல் விடாமல் பேசிக்கொண்டிருந்தது: "கொஞ்சம் ரத்தம் அதிகமாப் போகுது. நிறுத்தறதுக்குத்தான் வயித்தை அழுத்துறோம். வலிக்கும். குழந்தை நல்லா இருக்கு, அம்மா கையில இருக்கு, பாருங்க. இப்ப கையில ஒரு ஊசி." மூன்று பேர் கை வேலையில், நான்காமவளுக்குப் பேசுவது மட்டுமே வேலை. அவசரத்தில் அந்த ஒரு ஆளை யாரென்று முன்கூட்டியே பிரித்துவைத்திருந்தார்கள்.

ரத்தம் நின்றது. திரை திறந்தபோது படுத்திருந்தவளின் முழங்கால் மேல் போர்வை இருந்தது. அதன் ஓரம் அவள் கையிலேயே இருந்தது.

வட்டத்தில் அவள்தான் முதலில் பேசினாள். "ரத்தம் போறப்ப பயமா இருந்தது, மேம். ஆனா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டே இருந்தேன். தெரிஞ்சதால கையைக் காலை உதறத் தோணல. சொன்னபடி கேட்டேன்." செக்லிஸ்ட்டில் இதைக் குறிக்கச் சொன்னார் பேராசிரியை. பயந்து உதறும் தாய்க்கு ஐவி போடுவது கடினம். சொல்லிச் செய்தால் சிகிச்சையே சீக்கிரம் நடக்கிறது. மரியாதை நேரத்தைத் தின்கிறது என்ற வாதத்துக்கு அந்தப் பெண்ணே பதில் சொல்லிவிட்டாள்.

தமிழ்நாட்டில் இன்று வீட்டுப் பிரசவம் அரிது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நூறில் 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. தாய்மார்களின் உயிர் காத்த மாற்றம் அது. அதிலிருந்து பின்னால் போக வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் பிள்ளை பெற்றபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாயும், தெரிந்த மருத்துவச்சியும், வீட்டுப் பெண்களும் மட்டும் இருந்தார்கள். அந்தச் சாத்திய கதவைக் காக்கும் பொறுப்பும் மருத்துவமனைக்கு வந்துவிட்டது. கட்டிலும் மருந்தும் கொடுத்ததோடு அந்தப் பொறுப்பு முடியாது.

ஆகவே நர்சிங் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். திரை இழுப்பதையும், பெயர் கேட்பதையும், சொல்லிவிட்டுத் தொடுவதையும் செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணோடு சேருங்கள். மதிப்பெண் இல்லாத எதையும் மாணவர் கை பழகுவதில்லை. ஒவ்வொரு மாணவியும் ஒரு முறையாவது அந்தக் கட்டிலில் படுத்தெழட்டும். ஏற்கெனவே வார்டில் இருக்கும் சீனியர் செவிலியரும், டாக்டர்களும் படுத்தெழட்டும். மருத்துவமனை நிர்வாகங்கள் இரண்டு டேபிளுக்கு நடுவே ஒரு திரையும், ராத்திரி ஷிஃப்டில் இன்னும் ஒரு ஆளும் கொடுக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று. பிரசவத்தின்போது ஒரு பெண் துணை உடன் இருக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-இலேயே வழி செய்யப்பட்டுவிட்டது. உங்கள் வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் போகும்போது யார் உடன் இருக்க வேண்டும் என்று அவளிடம் கேளுங்கள். அந்த ஆளை உள்ளே விடும்படி வார்டில் கேளுங்கள். திரை இல்லையென்றால் திரை கேளுங்கள். இது யாரிடமும் வாங்கும் சலுகை அல்ல. அவளுக்குச் சேர வேண்டிய சிகிச்சையில் ஒரு பகுதி.